காத்து குடுத்த வைரவன்

என் பக்கத்துக் கடைக்காரர் வைரவனைப் பற்றி இந்தத் தெருவில் யாரிடம் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். என்னிடம் கேட்டாலும் இப்போது அப்படித்தான் சொல்வேன். ஆனால் அவர் மீது நகர சபைக்கு மூன்று புகார் எழுதிப் போட்டவள் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசிவரை மறைத்து வைத்திருந்தால் கதை இன்னும் ருசியாக இருக்கும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

என் பெயர் ஜெயலெட்சுமி. இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் பஸ் நிலையத்துக்குக் கீழே இறங்கும் தெருவில் இருபத்தாறு வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். பள்ளிக்கூடச் சீருடைதான் பிரதானம். என் கடையும் பக்கத்துக் கடையும் ஒரு காலத்தில் ஒரே மண்டபமாக இருந்து, பிறகு நடுவில் ஒரு சுவர் வைத்துப் பிரிக்கப்பட்டவை. ஆகவே அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் நான் நூறு வயசு என்று சொல்லலாம். அரிசிக் கடை இருந்தவரை அதில் ஒரு சிரமமும் இல்லை.

போன வருடம் அரிசிக் கடைக்காரர் காலி செய்துபோக, வைரவன் வந்து சேர்ந்தார். ஒரு லொறியில் இரும்புச் சாமான்கள் வந்து இறங்கின. தரையைத் தோண்டி ஒரு பெரிய உருளையைப் பதித்தார்கள். என்ன, மாவு மில்லா என்று போய்க் கேட்டேன். 'டைனோ' என்றார். உருளையின் மேல் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை ஏற்றி, நான்கு பக்கமும் பட்டி போட்டு இழுத்துக் கட்டுவார்களாம். ஆள் ஏறி உட்கார்ந்து முழு முறுக்கு முறுக்கினால் சக்கரம் பறக்கும், வண்டி ஓர் அங்குலமும் நகராது. எஞ்சினுக்கு எவ்வளவு பலம், எங்கே திணறுகிறது என்பதெல்லாம் கம்பியூட்டர் திரையில் கோடாக ஏறும்.

"நகராத வண்டிக்கு எதுக்கு தம்பி இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"கொழும்புல சரி பண்ணின பைக்கு கினிகத்தேன தாண்டினதும் மூச்சு வாங்குதுக்கா. இங்க காத்து மெலிசு. மலையில ஓடுற வண்டிய மலையிலதான் வச்சுப் பாக்கணும். பாத்துக்கிட்டே இருங்க, கொழும்புக்காரங்களே இங்க தூக்கிட்டு வருவாங்க."

அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான். 'பார்க்கலாம்', 'முயற்சி பண்ணுறேன்' என்ற சொற்கள் அவர் வாயில் வராது. முதலில் எனக்கு அது திமிராகத் தெரிந்தது.

திமிர் வரக் காரணமும் இருந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ஸ்டோருக்குள் வேலைக்குப் போனார். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே மேல் மாடியில், பச்சைக் கொழுந்தை நீளமான வலைத் தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய ஃபேன்களால் காற்று ஊதி வாட்டுவார்கள். அந்த ஃபேன்கள் பதினாலு வருடம் வைரவனின் கையில் இருந்தன. காலையில் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா மாடிக்கு வந்து "காத்து குடு" என்பார், இவர் சுவிட்சைத் தட்டுவார். மழை நாளில் இவ்வளவு காற்று, வெயில் நாளில் இவ்வளவு காற்று என்று கொழுந்தைக் கையில் பிசைந்து பார்த்தே சொல்லிவிடுவாராம். அந்த மாடியில் அவர் வைத்ததுதான் சட்டம். மாலையில் தோட்டத்துப் பையன்களின் பைக்குகளைப் பிரித்துப் பூட்டுவார். ஸ்டோரை மூடியபோது மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வர, வைரவன் ஒரு ஃபேனைக் கேட்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த ஃபேன்தான் என் பக்கத்துக் கடைக்கு வந்தது.

இவையெல்லாம் தெரியாத நாளில் எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான். பத்து மணிக்கு ஆரம்பிக்கும். சுவர் அதிரும், சுவரில் தொங்கும் கத்தரிக்கோல் ஆடும், வாடிக்கையாளர் சொல்லும் அளவு காதில் விழாது. முப்பத்தெட்டு என்றால் இருபத்தெட்டு என்று எழுதிக்கொள்வேன். நேரில் சொல்லிப் பார்த்தேன். "ஒரு மாசத்துல ஒங்க தையல் மெசின விட மெதுவா வச்சிருவேன்" என்றார். ஒரு மாதம் போனது. நான் பேனாவை எடுத்தேன்.

மூன்றாவது புகாருக்குப் பிறகு அவருக்குச் சபையிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் இன்ன செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து சத்தத்தை அளப்பார், அளவு மீறினால் டைனோ அறையை மூடிவிட வேண்டும், பெர்மிட் கிடையாது. அந்தக் கடிதத்தையும் அதோடு இணைத்திருந்த என் புகாரின் பிரதியையும் எடுத்துக்கொண்டு வைரவன் நேரே என் கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று கெஜக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"எழுத்து ரொம்ப அழகா இருக்குக்கா," என்றார். "எந்தப் பள்ளிக்கூடம்?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து அவர் அறையை அடைக்க ஆரம்பித்தார். ஸ்டோரில் அடுப்புக் குழாய்க்குச் சுற்றும் கல்பஞ்சைக் கொண்டுவந்து சுவருக்கும் பலகைக்கும் நடுவில் திணித்தார். கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு வைத்தார். ஜன்னலைக் கல் வைத்துக் கட்டினார். ஃபேன் வாய் ஒன்று, புகைக்குழாய் ஒன்று, அவ்வளவுதான் அறைக்கு மிஞ்சிய திறப்பு. சொன்னபடியே சத்தம் வாரத்துக்கு வாரம் குறைந்தது. கர்ஜனை முனகலாகி, முனகல் அடங்கிக்கொண்டே போனது.

ஆனால் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. சத்தம் குறையக் குறைய அது கூடிக்கொண்டே போனது. ஆனி மாத மழை. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் தைப்பேன். நான்கு மணியானால் நெற்றி வெடிக்கும், வயிறு புரட்டும். வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அறவே இருக்காது. எல்லாம் வைரவனின் சத்தம் செய்து வைத்த வேலை என்று அவரைத் திட்டிக்கொண்டே மாத்திரை விழுங்கினேன். ஒரு நாள் ஒரே சட்டைக்கு இடது கையை வலது பக்கம் மூன்று தடவை வைத்துத் தைத்தேன். இருபத்தாறு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. தைக்கிறவளுக்குக் கையும் கண்ணும் போனால் வேறு என்ன இருக்கிறது?

அதிகாரி வருவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. துணி அலுமாரியின் பின்பக்கம் ஈரம் ஏறியிருந்ததால் காலையில்தான் அதைச் சுவரைவிட்டு நகர்த்தி வைத்திருந்தேன். மாலை விளக்கேற்றி, வழக்கம்போலச் சாம்பிராணிச் சட்டியை எடுத்துக்கொண்டு கடை முழுக்கப் புகை காட்டினேன். மெசினுக்குக் காட்டினேன், சாமி படத்துக்குக் காட்டினேன். அலுமாரி இருந்த இடத்துக்குப் போனதும், நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை சட்டென்று திரும்பி என் முகத்தில் அடித்தது.

பின்னால் நகர்ந்தேன், புகை நிமிர்ந்தது. முன்னால் போனேன், மறுபடியும் முகத்தில் அடித்தது. குனிந்து பார்த்தால் சுவரில் ஓர் ஓட்டை. மண்டபம் ஒன்றாக இருந்த காலத்தில் மின்கம்பி போன ஓட்டை, இரண்டு விரல் நுழையும் அளவு. கையை வைத்தேன். சூடான காற்று சீறிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் பைக் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குப் புத்தி மெதுவாகத்தான் வேலை செய்யும். வேலை செய்ய ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது. சாம்பிராணிச் சட்டியோடு அப்படியே தெருவில் இறங்கி, அவருடைய இரண்டு கதவுகளையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"நிறுத்துங்க வண்டிய!"

நிறுத்தினார். காதுக்கவசத்தைக் கழற்றினார். "என்னக்கா, பூசையா?"

"ஒங்க பைக்குப் பொக அத்தனையும் என் கடைக்குள்ள வருது."

"வராதுக்கா. பொகைக்குத் தனிக் கொழாய் இருக்கு. அது போக, உள்ளுக்கு நல்லா காத்து குடுத்திருக்கேன். பதினாலு வருசம் ஸ்டோர்ல காத்து குடுத்தவன் நான். காத்தப் பத்தி எனக்கே..."

"குடுத்தீங்க, சரி. குடுத்த காத்து எங்க போச்சு?"

வைரவன் ஃபேனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அடைத்த ஜன்னலைப் பார்த்தார்.

என் கையிலிருந்து சட்டியை வாங்கினார். ஃபேனை மட்டும் ஓடவிட்டு, புகையைச் சுவரோரமாகக் காட்டிக்கொண்டே நடந்தார். எங்கள் இரண்டு கடைக்கும் பொதுவான சுவருக்கு வந்ததும் புகை ஒரு கோடாக நீண்டு, பலகைகளின் நடுவிலிருந்த இடுக்கில் நுழைந்து மறைந்தது. சட்டியைக் கீழே வைத்துவிட்டு உருளையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தலவலி எத்தன நாளாக்கா?"

"அஞ்சு வாரம்."

"ஸ்டோர்ல காத்து குடுத்தா அது கொழுந்துக்குள்ள பூந்து மேல வந்து போயிரும். மாடி சுத்தி ஜன்னல் இருக்கு. இங்க இருந்த ஜன்னலையும் நான்தான் அடச்சேன்." தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "உள்ள தள்ளித் தள்ளி, போக எடமில்லாம ஒங்ககிட்ட வந்திருக்கு. நான் ஃபேனுக்கு முன்னுக்கே நின்னேன், எனக்கு ஒண்ணும் தெரியல. அதுல ஒரு விசவாயு இருக்குக்கா. வாசம் கெடையாது, நெறம் கெடையாது. கூடிப் போச்சுன்னா ஆளு தூங்கினபடியே போயிருவாங்க."

புகையை வெளியே இழுக்க வேண்டிய இடத்தில், இவர் வெளிக்காற்றை உள்ளே ஊதியிருக்கிறார். கொழுந்து வாட்டுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்புச் செய்யத் தோன்றாது. எஞ்சின் சூடாகிறதா, காத்து குடு. புகை கட்டுகிறதா, இன்னும் கொஞ்சம் காத்து குடு. பதினாலு வருடத்தில் 'காத்து எடு' என்று அவரிடம் யாருமே சொன்னதில்லை.

பைக்கின் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் கடையைப் பூட்டவைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போனார். மழையில் நனைந்த சட்டையோடு டாக்டரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, இனி அந்தப் புகை படக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது, என்னைவிட அவர்தான் பெரிதாக மூச்சு விட்டார். எனக்கு அவர் மீது இருந்த கோபம் முக்கால்வாசி அங்கேயே போய்விட்டது. மிச்சத்தைக் கௌரவத்துக்காக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கதவைக் கழற்றினார். பின்சுவரை இடித்தார். செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் அறை திறந்த வாயாக நிற்கிறது. அன்றைக்குத்தான் அதிகாரி வருகிறார். இந்த நிலையில் பைக்கை முறுக்கினால் சத்தம் சந்திவரை கேட்கும், கதை முடிந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை.

"தம்பி, பத்து நிமிசந்தானே. பலகைய எல்லாம் பழையபடி சாத்தி ஒரு தடவ ஓட்டிக் காட்டிருங்க. சத்தத்தத்தானே அளக்க வாராரு. நான் வெளிய போய் நிக்கிறேன்."

"நீங்க வெளிய நிப்பீங்கக்கா. ஆனா கையெழுத்து அந்த அடைப்புக்குத்தானே விழும்? மாட்டேன்," என்றார். "சரியா செஞ்சு பெர்மிட்ட எடுத்துக் காட்டுறேன். செய்வேன்."

அதிகாரி குடையோடும் சத்தமானியோடும் வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். வைரவன் அவரிடம் சிங்களத்தில், "மாத்தயா, இன்றைக்கு அளக்க ஒன்றும் இல்லை. நான் ஒரு பிழை செய்துவிட்டேன்," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். என் தலைவலியையும் சொன்னார். அதிகாரி, இடிந்து கிடந்த சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு வாரம் எஞ்சின் ஓடக்கூடாது, பிறகு வருவேன், அதிலும் தவறினால் நிரந்தரமாக மூட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டு வாரமும் நான் கடையில் இருந்ததைவிட அவர் அறையில் இருந்ததுதான் அதிகம். அவருக்கு இரண்டு பக்கமும் இடி. சத்தம் வெளியே போகக்கூடாது என்றால் மூட வேண்டும். புகை தேங்கக்கூடாது என்றால் திறக்க வேண்டும். முதல் வேலையாக ஃபேனைத் திருப்பி, புதுக் கூரைக்குழாயோடு சேர்த்து, உள்ளேயிருந்து வெளியே இழுக்கும்படி வைத்தார். பைக்கின் சைலன்சர் வாய்க்கே ஓர் அகலக் குழாயைக் கொண்டுவந்து, புகை பிறக்கும் இடத்திலேயே பிடித்துக்கொள்ளச் செய்தார். எஞ்சின் சூட்டுக்கு முன்னால் ஒரு சின்ன ஃபேன். பின்சுவரை மறுபடி கட்டி, வெளிக்காற்று உள்ளே வர அதில் நீளமான ஒரு பெட்டி வைத்தார். உள்ளுக்கு வளைவு வளைவாகத் தட்டி அடித்து, எல்லாத் தட்டிக்கும் கல்பஞ்சு ஒட்டினார்.

"நம்ம ரோடு மாதிரிக்கா. காத்து வளஞ்சு வளஞ்சு வந்து சேந்துரும். சத்தத்துக்கு வளையத் தெரியாது, ஒவ்வொரு திருப்பத்துலயும் முட்டிக்கிட்டு நிக்கும்."

ஒவ்வொரு மாலையும், "அக்கா, சாம்பிராணி குடுங்க," என்று வந்து நிற்பார். அவர் ஃபேனைப் போட, நான் சட்டியோடு அறையைச் சுற்றி வருவேன். புகை எங்கே தயங்குகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போடுவார். நான் தயங்கினால் திட்டுவார், அவர் தவறவிட்டால் நான் திட்டுவேன்.

கடைசி நாள் எங்கள் சுவர் ஓட்டைக்கு வந்தார். சிமெந்து குழைத்து அடைத்தார், ஆனால் நடுவில் பென்சில் கனத்துக்கு ஒரு குழாயை மட்டும் விட்டார். பக்கத்தில், என் பக்கச் சுவரில், ஒரு சுவிட்ச் வைத்தார். அதைத் தட்டினால் அங்கே பைக்குக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்ப் எரியும்.

"விசவாயு அலாரமும் மாட்டியிருக்கேன். ஆனா அது பொக சேந்த பொறகுதான் சொல்லும். ஒங்க சாம்பிராணி முந்தியே சொல்லிரும். பொக சொவத்துக்குள்ள போனா ஃபேன் இழுக்குதுன்னு அர்த்தம், சரி. ஒங்க பக்கம் திரும்பினா தட்டிருங்க. ஏன்னு கேக்க மாட்டேன், நிறுத்திருவேன்."

புகார் எழுதினவள் கையிலேயே சுவிட்சைக் கொடுக்கிற மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இரண்டாவது தடவை அதிகாரி வந்தபோது, புகார் கொடுத்த இடத்தில்தான் அளக்க வேண்டும் என்று என் கடைக்குள்ளேயே சத்தமானியோடு நின்றார். நான் குழாய்க்குப் பக்கத்தில் சாம்பிராணியோடு நின்றேன். அந்தப் பக்கம் பைக் ஓட ஆரம்பித்தது. எங்கோ மூன்று தெரு தள்ளி ஓடுவதுபோல ஒரு சின்ன உறுமல், அவ்வளவுதான். அதிகாரி புருவத்தை உயர்த்தினார். ஐந்து நிமிடம் அளக்க வேண்டும். புகை நூல் பிடித்த மாதிரி சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. மூன்று நிமிடம். நான்கு நிமிடம். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

புகை நின்றது. ஒரு கணம் நேராக மேலே போனது. பிறகு மெல்லத் திரும்பி என் மூக்குக்கு வந்தது.

அதிகாரி அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் மீட்டரில் இருந்தது. இன்னும் ஒரு நிமிடம்தான். நான் சும்மா நின்றால் கையெழுத்து விழும், தட்டினால் சோதனை பாதியில் நிற்கும், அறையை ஒரேயடியாக மூடச் சொன்னாலும் சொல்லலாம். நாலு மாதமாக எதற்கு ஆசைப்பட்டேனோ அது என் விரல் நுனிக்கு வந்திருந்தது, எனக்கோ அழுகை வந்தது. ஏன் என்று கேட்க மாட்டேன் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. தட்டிவிட்டேன்.

அந்த நொடியே உறுமல் செத்தது.

"ஏன் நிறுத்தினான்?" என்று அதிகாரி கேட்டார். பதில் சொல்லாமல் நான் ஓடினேன், அவரும் பின்னால் வந்தார். வைரவன் கதவுகளை அகலத் திறந்துவிட்டு ஏணியில் நின்றுகொண்டிருந்தார். பெரிய ஃபேனின் பெல்ட் கழன்று தொங்கியது. காதுக்கவசமும் எஞ்சின் சத்தமும் சேர்ந்ததில், ஃபேன் நின்றது அவருக்கே கேட்கவில்லை.

"மீட்டர் சரியாகத்தானே இருந்தது," என்றார் அதிகாரி. "இன்னும் ஒரு நிமிடம் ஓட்டியிருந்தால் முடிந்திருக்கும்."

வைரவன் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தார். "சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தீர்கள், மாத்தயா. அதில் ஒருவர் நீங்கள்."

அதிகாரி பேனாவை மூடிப் பையில் போட்டார். பிறகு அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பெல்ட்டைப் போடு. நான் இருக்கிறேன்," என்றார்.

புது பெல்ட் ஏறப் பத்து நிமிடம். நானும் அதிகாரியும் என் கடைக்குத் திரும்ப, பைக் மறுபடி முழு ஐந்து நிமிடம் ஓடியது. புகை சுவரைவிட்டு அசையவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார். நிபந்தனைகளில், பக்கத்துக் கடையிலிருக்கும் சுவிட்சும் சிவப்பு பல்ப்பும் எப்போதும் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார். புகாரை மீளப் பெறுவதாக எழுதித் தரச் சொல்லி என்னிடம் ஒரு தாளை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். வைரவன் எட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து இன்னும் அழகா வந்திருக்கு," என்றார்.

இப்போது கொழும்பிலிருந்து நிஜமாகவே பைக்குகள் வருகின்றன. அது அவர் முகத்தில் தெரிகிறது, சொல்லிக் காட்டவும் தவறுவதில்லை. என் மெசினை மறுபடி அந்தச் சுவரோரமாகவே போட்டிருக்கிறேன். முன்பு வெள்ளிக்கிழமை மட்டும் புகைந்த சாம்பிராணி இப்போது தினமும் புகைகிறது. ஒவ்வொரு தடவையும் பைக்கை முறுக்கும் முன் வைரவன் குழாயில் வாய் வைத்துச் சத்தம் கொடுப்பார். பதினாலு வருடத்துப் பழக்கம், லேசில் போகுமா?

"அக்கா, காத்து குடுக்குறே..."

அவர் முடிக்கும் முன் நான் சுவிட்சைத் தட்டுவேன். அந்தப் பக்கம் பல்ப் ஒரு தரம் சிவப்பாக மின்னும்.

"எடுக்குறேன்க்கா, எடுக்குறேன்!"